ஓக் கட்டையும் ஒன்பது விரலும்

மார்ச் 3, செவ்வாய்

மாடிப்படிக் கைப்பிடிக்கு இருபத்துநான்கு கால்கள், அத்தனையும் ஓக். இன்று கடைந்து முடித்தேன். எங்கள் பட்டறைக்கு இந்த மரம் புதிது. உளியைத் தின்கிறது, ஆனால் ரேகை அழகு. வழக்கம்போல் ஈரத்துணியால் துடைத்து, வழவழப்புக்காக, பாத்திரம் துலக்குவது போன்ற இரும்பு நாரால் தேய்த்து வைத்தேன். இனி மச்சினன் பாலிஷ் போடுவான். வேலை கொடுத்த பல் மருத்துவரம்மா வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்கிறார்.

மார்ச் 4

முதல் பூச்சு அடித்துவிட்டான். நன்றாக இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 5

மூடியிருந்த துணியை விலக்கினால் இருபத்துநான்கிலும் கறுப்புப் புள்ளி. அம்மை போட்டதுபோல.

"என்னத்தடா கலந்த?"

"புது டின் அத்தான். ஒண்ணும் கலக்கல."

"உன்ன வேலைக்கு வெச்சேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!"

மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்விட்டான். மருத்துவரம்மாவிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். பாலிஷ்காரன் கெடுத்துவிட்டான் என்று சொன்னேன்.

மார்ச் 6

சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "கையில என்ன, மை கொட்டிடுச்சா?"

பத்து விரல் நுனியும் கருநீலம். சோப்புக்குப் போகவில்லை. நேற்று மேலங்கியைக் கழற்றிய மச்சினனின் கைகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் பாலிஷ் மஞ்சள் மட்டும்தான். பாலிஷ் கெடுத்திருந்தால் அவன் கையல்லவா கறுத்திருக்க வேண்டும்?

மார்ச் 7

மரக்கடைக்காரரிடம் போனில் கேட்டேன். சிரித்தார். "ஓக்ல ஈரமும் இரும்பும் சேர்ந்தா கறுத்துடும்ணே. இரும்பு நார் போட்டீங்களா?"

இல்லை என்றேன். ஏன் பொய்? அவர் எனக்கு யார்?

பாலிஷ் படாத துண்டு ஒன்றை ஈரமாக்கி இரும்பு நாரால் தேய்த்து வைத்தேன். மதியத்துக்குள் கறுத்துவிட்டது. அப்போ நான்தான். நான்தான்யா!

மார்ச் 8

மனைவி பாதி எலுமிச்சம்பழத்தைக் குழாயடியில் வைத்தாள். "தேய்ங்க, போயிடும். தம்பி நாளைக்கு வேற பட்டறையில சேருறானாம்."

தேய்த்தேன். கட்டைவிரல் பளிச்சென்று வெளுத்தது. மீதியையும் தேய்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? — சீ. பழத்தை வைத்துவிட்டேன்.

மார்ச் 9

காலை ஆறரைக்கு அவன் வீட்டு வாசலில் நின்றேன். கையை விரித்தேன். "இரும்பு நார்டா. தப்பு என்னுது."

உற்றுப் பார்த்தான். "ஒன்பது விரல்தானே கறுப்பு. பத்தாவது?"

"எலுமிச்சம்பழம் தேய்ச்சுப் பாத்தேன்."

"அதானே பாத்தேன்" என்று உள்ளே போய்விட்டான். வெட்கமாக இருந்தது. மருத்துவரம்மாவுக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "யார் தப்பா இருந்தா என்ன, வெள்ளிக்கிழமை வேணும்" என்றார்.

மார்ச் 12, வியாழன்

எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று சீவினேன். கை, பழக்கதோஷத்தில், இரும்பு நார் டப்பாவைத் திறந்தது. உள்ளே நார் இல்லை. பாதி எலுமிச்சம்பழம் இருந்தது.

அவன் மாட்டிவிட்டுப் போன மேலங்கியைக் காணோம். பின்னால் பாலிஷ் டின் திறக்கும் சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.