படிக்காத பதினேழாம் சான்று

மார்ச் 4, செவ்வாய்

குழந்தைகள் வார்டு டாக்டரம்மா போன் செய்தார். "உங்க கட்டுரைய வெச்சுத்தான் எங்க மருந்து அட்டவணைய மாத்துறோம். திங்கட்கிழமை வார்டுல ஒட்டிடுவோம். அதுல பதினேழாவதா ஒரு கட்டுரைய சான்று காட்டியிருக்கீங்களே, அது முழுசா இருந்தா அனுப்புங்களேன்."

அனுப்புகிறேன் என்றேன். என்னிடம் அது இல்லை. இருந்ததே இல்லை. வேறொருவர் கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டது.

மார்ச் 5

அந்தக் கட்டுரை வேண்டுமென்று நூலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாளாகுமாம்.

மார்ச் 7, வெள்ளி

வந்துவிட்டது. எட்டுப் பக்கம். நின்றபடியே படித்தேன். 'ஆறு மாதக் குழந்தைக்கும் முழு அளவு கொடுக்கலாம்' என்பது நான் எழுதியது. அந்த ஆய்வு செய்தவர்களோ ஒரு வயதுக்குக் குறைந்த ஒரு குழந்தையைக்கூடச் சோதிக்கவில்லை. கொடுக்க வேண்டாம், சிறுநீரகம் தாங்குமா என்று தெரியாது — கடைசிப் பக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது.

என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்?

மார்ச் 8

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். என் கட்டுரையில் அவர் பெயரும் உண்டு. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "யாரும்மா தேடிப் பாக்கப் போறா? ஊர்ல எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க. அடுத்த மாசம் உனக்கு வாய்மொழித் தேர்வு. வாயை மூடிட்டு இரு."

வாய்மொழித் தேர்வுக்கு வாயை மூட வேண்டுமாம். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பட்டம் போகும். வேலை போகும். என் கணவர் துணி உலர்த்திக்கொண்டே கேட்டார்: "நாளைக்கு ஒட்டிடுவாங்கல்ல?"

ஆமாம் என்றேன்.

"அப்போ இன்னிக்கே சொல்லணும்."

சொன்னேன். டாக்டரம்மா போனில் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ரெண்டு குழந்தைக்கு ஏற்கெனவே ஆரம்பிச்சிட்டோம்மா. இப்பவே நிறுத்தச் சொல்றேன்," என்றார்.

மார்ச் 10

ரெண்டு குழந்தை. ரெண்டு.

மார்ச் 13

ஒரு குழந்தைக்கு ஒன்றுமில்லை. இன்னொன்றுக்கு ரத்தப் பரிசோதனை சரியில்லை. எட்டு மாதம். பெண் குழந்தை. நான் ஏன் வயதைக் கேட்டேன்?

கட்டுரை வெளியான ஆய்விதழுக்கு எழுதினேன்: படிக்காமலே சான்று காட்டினேன், தவறு என்னுடையது, கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள்.

மார்ச் 27

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டுமாம். எத்தனை மாதம் என்று கேட்கத் தைரியமில்லை.

ஏப்ரல் 22

கட்டுரையை நீக்கிவிட்டார்கள். தேர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. பேராசிரியர் படிக்கட்டில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போகிறார். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். இன்று நான்கு கட்டுரைகளை வரவழைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். பக்க எண்ணை இருமுறை சரிபார்த்தேன்.

எழுதியது ஒரே வாக்கியம்.