சாயம் காணாத பூதப்படை

12 ஆகஸ்ட் 1995, சனி

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் தூரிகையைத் தொடவில்லை. மேசைமேல் போர் விளையாடுவதற்காகச் சிங்கப்பூரில் தேடித் தேடி வாங்கிய பழைய ஈயப் பூதப் பொம்மைப்படையில் பாதி இன்னும் சாயம் காணாமல் நிற்கிறது. இன்று தஞ்சோங் கிளிங் கடற்கரை மணல் இருக்கும் டப்பாவை என்னிடம் நீட்டினார்.

“வசந்தா, எல்லாத்துக்கும் அடியில மண்ண ஒட்டிடு.”

சாயம் பூசி முடித்த பிறகுதான் எப்போதும் மணல் ஒட்டுவார். ஒட்டிவிட்டால் அந்தப் பொம்மையில் இனி வேலை இல்லை.

“இன்னும் பெயிண்ட் அடிக்கலையேங்க.”

“போதும்லா. இப்படியே நிக்கட்டும்.”

பசை காய்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவர் டியூபை வாங்கி இடக்கையால் அழுத்திப் பார்த்தார். கட்டைவிரலில் பசை வழிந்தது. கைலியில் துடைத்துக்கொண்டார்.

“ஆமாலா, காஞ்சிபோச்சு” என்றார்.