பூசை முடிவதற்கு முன் வா

பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயில்,
சனிக்கிழமை மத்தியானம்.

என் பிரகாசிக்கு,

இந்த ஞான ஒடுக்கத்தில் மூன்று நாளும் யாரும் பேசக்கூடாது. சோற்றுக்கு உப்பு வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் காட்ட வேண்டும். கிள்ளானில் ரயில் ஏறும்போதே நம் அருளப்பன், "அப்பா, கருவாட்டுக் கடையில கூவுற வாய எப்படிப்பா பூட்டப் போறீங்க?" என்று கேலி பண்ணினான்.

அவனைக் கூட்டி வந்தது நான்தான். ஜெபம் பண்ணினால் மனம் இளகிக் கல்யாணத்துக்குத் தலையாட்டுவான் என்று கணக்குப் போட்டேன்.

நேற்றுப் பிரசங்கத்தில் சாமியார், "கல்யாணத்த விட்டுட்டு என்னைப் போல குருவாகணும்னு மனசுல பட்டவங்க என் அறைக்கு வாங்க" என்றார். எழுந்து போனவன் நம் பிள்ளை ஒருவன்தான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். சாப்பாடு முடிந்ததும் எல்லார் தட்டையும் அவனே கழுவினான். அவன் முடிவு பண்ணிவிட்டான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாளைக் காலைப் பூசை முடிந்ததும் எல்லாரும் வாய் திறந்து பேசலாம். குருவுக்குப் படிக்கப் பினாங்கு குருமடத்துக்குப் போக என்னிடம் உத்தரவு கேட்பான். பீடத்துக்கு முன்னால் நின்று கேட்டால், மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நமக்கு இருப்பதோ ஒரே பிள்ளை.

தெரிந்த ரயில் கார்டிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடையைப் பூட்டிவிட்டு முதல் ரயிலில் வந்துவிடு. நான் அழுதால் வியாபாரத் தந்திரம் என்பான். நீ அழுதால் நின்றுவிடுவான்.

ஒன்று மட்டும், பிரகாசி. அவன் முகத்தைப் பார்த்ததும் உனக்குச் சந்தோஷம் வந்துவிடும் போலிருந்தால், வராதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்