சுழியோடிகள் இல்லாத ஆராய்ச்சி

சல்லி, திருகோணமலை
20.02.2025

அன்புத் தங்கச்சி நிவேதிகாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். என் கால்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. போனில் கதைத்தால் உன் மச்சாள் பிரசாந்தினி பக்கத்தில் நின்று கேட்டு அழுகிறாள். அதனால் எழுதுகிறேன். என்னோடு வள்ளத்தில் வந்த இக்ராம் இதைத் தபாலில் போடுவான்.

போன வருடம் புல்மோட்டையில் கடலட்டை பிடிக்கச் சுழியோடி, அவசரப்பட்டு மேலே வந்தேன். இரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகி முதுகுத்தண்டைக் கெடுத்துவிட்டதாம். இனி நடப்பேனா என்று கேட்டால், டொக்டர் "பார்ப்பம்" என்கிறார். முதுகுத்தண்டு கெட்டவர்களுக்கு எந்தப் பயிற்சி பலன் தரும் என்று உலகத்து ஆராய்ச்சிகளை வாசித்துத் தொகுப்பதுதானே உன் வேலை? எனக்கு ஒன்று கண்டுபிடி. இதற்கும் உதவாவிட்டால் அம்மா உன்னைப் படிப்பித்து என்ன பயன்? பகிடிக்குத்தான், கோபிக்காதே.

உன் அண்ணன்
சசிகரன்


லீட்ஸ்
11.03.2025

அன்புள்ள அண்ணா,

கோபமில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதேன், அவ்வளவுதான்.

வேலையிலும் வீட்டிலும் உங்களுக்காகவே தேடினேன். வாரில் தொங்கவிட்டு நடக்க வைக்கும் இயந்திரம், மின்சாரத் தூண்டல் எல்லாம் வாசித்தேன். பலவற்றின் முடிவில் "போதிய சான்று இல்லை" என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. பங்குபற்றியவர்கள் குறைவு, அவர்களும் பெரும்பாலும் வாகன விபத்தில் அடிபட்டவர்கள். சுழியோடிகள் ஒருவரும் இல்லை. ஒரே ஒரு ஆளுக்கு நடந்ததை நாங்கள் சான்றாகச் சேர்ப்பதுமில்லை.

அடிக்கடி புரண்டு படுங்கள், முதுகில் புண் வர விடாதீர்கள், கைகளுக்குப் பலம் சேருங்கள். இவ்வளவுதான் என்னால் சொல்ல ஏலுகிறது. வெட்கமாக இருக்கிறது அண்ணா.

நிவேதிகா


சல்லி
04.04.2025

தங்கச்சி,

புரண்டு படுக்கச் சொல்ல நீ கடல் தாண்டிப் போயிருக்க வேண்டாம். பிரசாந்தினி தினமும் அதைச் சொல்லித்தான் ஏசுகிறாள்.

ஒன்று கேட்கிறேன். எங்கள் சுழியோடிகளுக்கு மேலே வந்ததும் உடம்பு நொந்தால், திரும்பத் தண்ணீருக்குள் இறக்குவோம். அடிக்குப் போனதும் நோவு போய்விடும். என்னை அப்படிச் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இக்ராம் இப்போதும் புலம்புகிறான்: "அண்டைக்கே திரும்ப இறக்கியிருந்தா நீங்க நடந்திருப்பீங்க அண்ணன். நான்தான் பயந்துட்டன்." வாடைக் காற்று ஓய்ந்துவிட்டது. இப்போது இறங்கினால் கால் வருமா? அதற்குச் சான்று இருக்கிறதா?

சசிகரன்


லீட்ஸ்
17.04.2025

அண்ணா,

வேண்டாம். இவ்வளவு காலம் கழித்து இறக்கிப் பார்த்த ஆராய்ச்சி ஒன்றுகூட இல்லை. அந்தக் குமிழி எப்போதோ போய்விட்டது. கெட்ட நரம்புதான் மிச்சம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுதான் சரி, அதை இக்ராமிடம் சொல்லுங்கள். இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் போனும் எடுக்கிறீர்கள் இல்லை. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நிவேதிகா


சல்லி
12.05.2025

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தை வாசித்த பிறகும் இறங்கினேன். ஆராய்ச்சி ஒன்றுகூட இல்லை என்றால், ஒருவரும் இன்னும் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று நினைத்தேன்.

பிரசாந்தினி கோயிலுக்குப் போன நேரம் இக்ராம் என்னைத் தள்ளிக்கொண்டு போனான். மணலில் சில்லுக் கதிரை புதைந்துபோக, அங்கிருந்து தூக்கி வள்ளத்தில் ஏற்றினான். ஆழத்துக்குப் போனதும் இருவருக்கும் சிலிண்டர் கட்டி, என்னைப் பிடித்தபடி தானும் இறங்கினான். தண்ணீருக்குள் கால்கள் பாரமில்லாமல் மிதந்தன. வந்துவிட்டது என்றே நம்பினேன், தங்கச்சி. இக்ராம் என் தொடையைக் கிள்ளினான். ஒன்றும் தெரியவில்லை. பெருவிரலை அசைக்கப் பார்த்தேன், ஏலவில்லை.

மேலே வந்ததும் அவன் தலையில் அடித்து அழுதான். "உன்னில பிழையில்ல தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுதான் சரியெண்டு என்ர தங்கச்சி எழுதியிருக்கிறாள்" என்றேன். நல்லவேளை, அந்த ஒரு வரியாவது என்னிடம் இருந்தது.

ஒரே ஒரு ஆளை நீங்கள் சேர்ப்பதில்லை என்று தெரியும். இருந்தாலும் எங்காவது ஓரத்தில் எழுதி வை: சுழியோடி, ஒருவர். பலன் இல்லை.

இனி எனக்காக எதையும் தேடாதே. உன் கடிதங்களில் நீ சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று ஒரு வரி இல்லை. இனிமேல் அதை எழுது. வேறொன்றும் வேண்டாம்.

பிரசாந்தினி என்னைப் புரட்ட வந்துவிட்டாள். நிறுத்துகிறேன்.

உன் அண்ணன்
சசிகரன்