வாணலியில் வேறொரு நாடு

செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் அறை எடுத்துத் தங்கும் சந்து ஒன்றில், நேற்று ஒரு கஃபேக்குள் போக வேண்டியிருந்தது. என்னிடம் படித்தவன் ஒருவன் அங்கே மேனேஜர். கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் புட்டிகளை அடுக்கி வைத்திருந்தான். மரச்செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய், மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். ஒன்றைத் திறந்து என் மூக்கருகே நீட்டி, "ஒரிஜினல் சார், கீழ்பென்னாத்தூர் சரக்கு" என்றான்.

அந்த வாசனை உன்னைக் கொண்டுவந்து என் எதிரில் உட்கார வைத்துவிட்டது. நீ செத்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. நான் உன்னோடு பேசி ஆறு வருடம் ஆகிறது.

பக்கத்து மேஜையில் வெளிநாட்டு அம்மாள் ஒருவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பொருளைத் தவிர வேறெதையும் தொட மாட்டாராம். பூமிக்குத் தன்னால் பாரம் ஏறக் கூடாது என்பது அவர் கொள்கையாம். மேனேஜர் பெருமையோடு சொன்னான். அந்தக் கொள்கையோடு வருடத்துக்கு இரண்டு முறை விமானம் ஏறி வந்துபோகிறார். நீயாக இருந்தால் தொடையைத் தட்டிச் சிரித்திருப்பாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போதெல்லாம் எதற்கும் அதுதான் முதலில் வருகிறது.

பொருளாதாரம் எம்.ஏ. முடித்த கையோடு நாம் இருவரும் உன் மொபெட்டில் ஊர் ஊராகச் சுற்றியது நினைவிருக்கிறதா? பையில் துண்டறிக்கைகள். "நம் அடுப்புக்கு நம் எண்ணெய்" என்று தலைப்பு வைத்தது நீ. உள்ளே இருந்த நீளமான வாக்கியங்கள் என்னுடையவை, அதனால் யாரும் படிக்கவில்லை. மல்லாட்டை விளையும் மாவட்டம் கடல் கடந்து வரும் பாமாயிலில் வடை சுடுவது வெட்கக்கேடு என்று நாம் பேசுவோம். ஓர் ஊரில் களை வெட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து உன்னைக் கேட்டார்:

"எல்லாம் சரி தம்பி. ரேஷன்ல கம்மி வெலைக்கு பாமாயில் ஊத்தறாங்களே, அதை வாணாம்னு சொல்ல எங்களுக்கு இன்னா கிறுக்கா?"

"கிறுக்கு உங்களுக்கு இல்லீங்க. உங்க மல்லாட்டையை அடிமாட்டு வெலைக்குக் கேட்டுட்டு, வேற நாட்டு எண்ணெயை உங்களுக்கே ஊத்தறாங்க பாருங்க, அவங்களுக்குத்தான்" என்றாய்.

அவர் சிரித்துவிட்டு நமக்குத் தண்ணீர் கொடுத்தார்.

சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போனோம். எண்ணெய்ப் பனை நடுவதற்காக எரிக்கப்பட்ட வெளிநாட்டுக் காடுகளின் படங்கள். ஒரு படத்தில் கரிக்கட்டை மாதிரி நின்ற ஒற்றை மரத்தின் முன்னால் நீ வெகுநேரம் நின்றாய். திரும்பும்போது பஸ் நிலையத்தில் நான் பஜ்ஜி வாங்கினேன். நீ தொடவில்லை. "நம்ம பஜ்ஜிக்கு அங்க ஒரு காடு எரியுதுடா" என்றாய். உனக்குத் தன்னிறைவு என்றால் அதுதான். நம் பசியைக் கொண்டுபோய் இன்னொருவன் கூரையில் இறக்கி வைக்காமல் இருப்பது. நாடு என்ற சொல்லை அவ்வளவு எளிமையாக உன் வாயில்தான் கேட்டேன். "வாணலியில எந்த ஊரு எண்ணெய்னு பாரு, அந்த வீட்டோட அரசியல் தெரிஞ்சிடும்" என்பாய். பாடப்புத்தகத்தில் இதைப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார்கள், உருப்படியாக ஒன்றும் இல்லை.

பிறகு நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ உன் நிலத்துக்குப் போனாய். மழையை நம்பி மல்லாட்டை. கொஞ்ச வருடம் கழித்து போர் போட்டாய். தண்ணீர் கீழே போகப் போக குழாயும் கீழே போனது. நம் நாட்டு எண்ணெய்க்காக நம் கிணற்றையே உறிஞ்சுகிறோமே என்று நான் கேட்டபோது உனக்குக் கோபம் வந்தது. "அப்ப நீ வந்து வானத்தைப் பார்த்துட்டு உக்காரு புரொபசர்" என்றாய். நாம் துண்டறிக்கையில் எழுதாத பகுதி அது. அடுத்தவன் காட்டை எரிக்கக் கூடாது, சொந்தத் தண்ணீரையும் தீர்க்கக் கூடாது என்றால் ஒரு நாடு எவ்வளவு தின்னலாம்? அந்தக் கேள்வியை நாம் இருவரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நீ போரில் மோட்டாரை இறக்கினாய், நான் வகுப்பில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்தேன்.

என் அப்பாவின் நிலம் உன் நிலத்துக்கு இரண்டு வரப்பு தள்ளி இருந்தது. மகளின் பொறியியல் சீட்டுக்காக அதை மனைக்காரர்களுக்குக் கொடுத்தேன். அவர்கள் மஞ்சள் பூசிய கல் நட்ட அன்று நீ வந்தாய். அறுவடை முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத மண். காலால் ஒரு கட்டியை உடைத்துவிட்டு, "இன்னாடா, உன் நாட்டை வித்துட்டியா?" என்றாய். நான் மகளைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. நான்தான் அதை மறக்கவில்லை.

நீ கட்சியில் சேர்ந்ததை இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை, எல்லாவற்றிலும் தோளில் துண்டு ஒன்றுதான். உன் பழைய சொற்களையே மேடையில் பேசினாய். தன்னிறைவு, நம் மண், நம் எண்ணெய். ஆனால் அந்தக் கரிந்த மரம் உன் பேச்சில் இல்லை. அது நின்ற இடத்தில் கொடி நின்றது. யார் நம்மவன், யார் அந்நியன் என்று சொல்ல ஆரம்பித்தாய். கைதட்டல் அதற்குத்தான் ஜாஸ்தி. உனக்கு அது பிடித்துப்போயிற்று என்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், அந்தப் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் சாயங்காலமே கூட்டம் சேர்ந்துவிட்டது. உங்கள் கட்சியின் அன்னதானப் பந்தலில் உன் முகம் போட்ட பேனர், "தன்னிறைவு பெற்ற நாடு" என்று எழுத்து. தக்காளி சாதமும் வடையும். வரிசை வளைந்து ரோடு வரைக்கும் நின்றது. நான் சமையல் மறைப்புக்குப் பின்னால் போனேன். சும்மா போனேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, தேடித்தான் போனேன். கிடைத்தது. ஒரு சாக்கு நிறைய காலி பாமாயில் பாக்கெட்டுகள்.

ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உன் முன்னால் தூக்கிப் பிடித்தேன். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த நாட்டின் பெயரைச் சத்தமாகப் படித்தேன். "இதுதான் உங்க தன்னிறைவு! இந்த வடை கப்பல்ல வந்தது!" வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஒருவர் போன் எடுத்துப் படம் பிடித்தார். கூடையில் மல்லிகைச்சரத்தோடு நின்ற ஓர் அம்மாள் மட்டும், "எந்தூரு எண்ணெயா இருந்தா இன்னா சார், காலைலேர்ந்து நிக்கிறேன், நவுருங்க" என்றாள்.

உன் கையில் மைக் இருந்தது. அறிவிப்பு செய்துகொண்டிருந்தாய், சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அதில் நீ ஒரே வாக்கியம் பேசியிருந்தால் போதும். "நிலத்தை மனை போட்டு வித்தவன் எனக்கு நாட்டைப் பத்திச் சொல்ல வந்துட்டான்." அவ்வளவுதான், நான் அங்கேயே முடிந்திருப்பேன். நீ என்னைப் பார்த்தாய். மைக்கை வாயிலிருந்து இறக்கினாய். "சாப்ட்டுட்டுப் போடா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய்.

நான் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை.

அந்தப் பௌர்ணமிக்கு முன்பே மூன்று வருடமாக உன் நிலத்தில் மல்லாட்டை இல்லை, பிஞ்சு பிடிக்கும்போதே பன்றிகள் தோண்டித் தின்றுவிட்டன, போரும் வற்றிவிட்டது என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. உன்னிடம் ஊற்ற உன் எண்ணெயே இல்லை. அதைச் சொல்லித் தொலைப்பதற்கு என்ன? மேடையில் சொல்ல முடியாது, சரி. என்னிடம்? என் வீட்டுக்கு வர எவ்வளவு தூரம்? கூப்பிட்டு இரண்டு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். பெரிய மனுஷன் மாதிரி வாயை மூடிக்கொண்டு ஆறு வருடம் என்னைச் சாகடித்தாய். மன்னிப்பதில்கூட என்னைவிட உயரத்தில் நிற்க உனக்கு ஒரு மேடை வேண்டியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு இரங்கல் கூட்டம். தன்னிறைவின் அடையாளம் என்றார்கள், மண்ணின் மைந்தன் என்றார்கள். நண்பர் என்று என்னையும் மேடை ஏற்றினார்கள். உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை. என்னைப் பற்றிச் சொன்னேன். "தன்னிறைவு பேசித் திரிந்த நான்தான் முதலில் நிலத்தை மனை போட விற்றவன். அது இவனுக்குத் தெரியும். நான் இவனை ஊர் முன்னால் அவமானப்படுத்தினேன். இவன் பதிலுக்கு அதைச் சொல்லவில்லை." சொல்லி முடித்ததும் ஓர் அமைதி வரும் என்று எதிர்பார்த்தேன். டீ வந்துவிட்டதால் எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள்.

கீழே இறங்கியதும் உன் கட்சித் துண்டு போட்ட ஒருவர் என் முழங்கையைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், நீங்க சொன்ன அந்த லே-அவுட்டு... கீழ்பென்னாத்தூர் ரோட்டு மேலயா, உள்ளயா? கார்னர் மனை எதனா மிச்சம் கீதுங்களா?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் சொன்னதைக் கவனித்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். என் கோபம் முழுவதும் உன்மேல் இருக்கிறது, இருக்கப்போகிறது. நிலத்தை விற்றவன் என்ற அந்த வாக்கியம் நீ சொல்ல வேண்டியது. உன் வாயால், அந்த மைக்கில், அந்த வரிசையின் முன்னால் சொல்லியிருந்தால் அது அன்றோடு தீர்ந்திருக்கும். இப்போது கேட்க யாரும் இல்லாமல் என்னிடமே இருக்கிறது.