மூன்று நட்சத்திரமும் மடிவாளா பஸ்ஸும்

அன்புள்ள இன்னாசி மச்சானுக்கு,

நீ எங்களை விட்டுப் போன பிறகும் வியாழக்கிழமை தவறாமல் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அதே ரிச்சர்ட்ஸ் டவுன் கோயில் ஹால், முதியவர்களுக்கான அதே கன்னட வகுப்பு.

நம் டீச்சர் மகனோடு மைசூருக்குப் போய்விட்டார். இப்போது இரண்டு இளம்பெண்கள் சொல்லித்தருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் சிவப்புப் பேனாவைத் தொடுவதில்லை. எல்லோர் தாளிலும் மூன்று நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். சந்தேகம் வந்து, ஒருநாள் வேண்டுமென்றே ஆறு சொற்களைத் தப்பாக எழுதிக் கொடுத்தேன். "சூப்பர் அங்கிள்!" எனக்கும் மூன்று.

"பாவம் பார்க்காதீங்க மேடம், அடிச்சு விடுங்க" என்று கேட்டு வாங்கி, பத்துக்கு நாலு எடுத்த தாளை ஹால் முழுக்கக் காட்டியவன் நீ. உன்னிடம் இதை எப்படிச் சொல்வேன்?

நம்மோடு படித்த ரெஜினா, மல்லேஸ்வரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு யார் துணையும் இல்லாமல் பஸ் பலகையைப் படித்துப் போக வேண்டும் என்றுதானே சேர்ந்தார்? போன வாரம் நட்சத்திரங்களை நம்பி சிவாஜிநகரில் தனியாக ஏறிவிட்டார். முதல் எழுத்தான 'ம'வை மட்டும் படித்து, மீதியை ஊகித்திருக்கிறார். இறங்கிய இடம் மடிவாளா. ஊரின் மறுகோடி. மகள் வந்து அழைத்துப்போனாள். இனித் தனியாக வெளியே போகக் கூடாதாம்; வகுப்பும் வேண்டாமாம்.

"நல்லா வருதுன்னாங்களே சார், பொய்யா?" என்று போனில் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் தப்புகளை வாராவாரம் பார்த்தும் வாய் திறக்காதவன் நான்.

கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போய் அந்தப் பெண்களிடம் படித்தேன். "இந்த வயசுல திருத்தம் எல்லாம் எதுக்கு அங்கிள்? ஜாலியா இருங்க" என்றாள் ஒருத்தி. ஹாலே சிரித்தது. உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் எதுக்கா? வழி தெரியாமல் மடிவாளாவில் நிற்பதற்கு மட்டும் இந்த வயது சரியா? இந்தக் கிழடுகளுக்கு இனி எதுவும் ஏறாது என்று முடிவுகட்டிவிட்டுத்தானே நட்சத்திரம் ஒட்டுகிறார்கள்? நீயாக இருந்தால் மேஜையைத் தட்டியிருப்பாய். எனக்கு அது வராது, மச்சான்.

நேற்று ரெஜினா வீட்டுக்குப் போனேன். பழைய தாள்களை வாங்கி, அவர் முன்னாலேயே தப்புகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டேன். நாற்பத்தொன்று. அழுதுவிடுவாரோ என்று பயந்தேன்.

"இவ்வளவையும் பார்த்துக்கிட்டா சார் சும்மா இருந்தீங்க?" என்று திட்டிவிட்டு, புது நோட்டை எடுத்துவந்து என் முன்னால் போட்டார்.

அவருக்குச் சொல்லித்தர வாரம் மூன்று நாள் போகப்போகிறேன். அவர் மறுபடி பஸ் ஏறும் நாளில் சிவாஜிநகரில் நானும் நிற்பேன். பலகையை அவர்தான் படிக்க வேண்டும். தப்பான பஸ்ஸின் படியில் கால் வைத்தால் மட்டும், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்துவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தங்கையின் வீட்டுக்காரன்,
தேவசகாயம்