ரீல் மாற்றும் நான்கு நிமிடங்கள்

நேற்றுப் பிற்பகல் மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்து நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். பஞ்சில் நனைத்த அந்தத் திரவத்தின் வாசனை என் கட்டில் வரை வந்தது. அறுந்த ஃபிலிமை ஒட்ட நீங்கள் சின்னப் புட்டியில் வைத்திருந்த பசையின் அதே வாசனை. சனி ஞாயிறுகளில் உங்கள் விரல்களில் இருக்கும்; சோப்புப் போட்டாலும் போகாது. "வராந்தாவில் போய்ச் செய்" என்றேன். வேண்டியதைவிடக் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் பஞ்சை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கோபம் அவள்மேல் இல்லை. அதனால் இதை உரியவருக்கு எழுதுகிறேன். நீங்கள் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன, இருந்தாலும் எழுதுகிறேன்.

அறுபதுகள். நமக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம். உங்களுக்குக் கடலூரில் கல்லூரி ட்யூட்டர் வேலை. அதோடு சிதம்பரம் ஃபிலிம் சொசைட்டியில் சம்பளமில்லாத செயலாளர் பதவி. அந்த வருடம் வெளிநாட்டுப் பட விழா நடத்தினீர்கள். பெட்டிகள் சென்னையிலிருந்து வந்து சேரச் சேர, ஒரு மாதம் முழுக்கச் சனி ஞாயிறுகளில் ஒவ்வொரு படம். கடலூர் முதுநகரில் ரயிலேறி, மதியக் காட்சிக்குப் போய், மாலை வண்டியில் திரும்புவோம்.

அந்த மண்டபத்தில் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்ட நான்கு நிமிடம். ஜனங்கள் எழுந்து சோம்பல் முறிப்பார்கள். நீங்களோ மெஷின் ரூமில் திரைக்கு முதுகைக் காட்டியபடி, ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டும் அறுந்ததை ஒட்டிக்கொண்டும் இருப்பீர்கள். படத்தைப் பார்க்க ஆபரேட்டருக்காவது ஒரு சதுரத் துளை உண்டு. உங்களுக்கு அதுவும் இல்லை. விளக்கு எரிந்ததும் பக்கவாட்டுக் கதவுக்கு வந்து தலையை நீட்டுவீர்கள்.

"என்னா ஆச்சு? சீக்கிரம் சொல்லும்மா, ரீலு மாட்டிடுவான்."

நான் எழுந்து வந்து சொல்வேன். கதையை மட்டுமல்ல. முதல் படத்தில் ஒரு கிழவி ரொட்டியைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு அறுத்தாள். "பட்டினி பார்த்தவங்க அப்படித்தான் அறுப்பாங்க, ஒரு துணுக்குகூடக் கீழ விழாது" என்றேன். இரண்டாவது படத்தில் பாட்டே இல்லை. பின் வரிசையில் விசில் அடித்தார்கள். "அந்த ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கடிகாரம்தான் பாட்டு. அவர் பொய் சொல்றப்பல்லாம் அது சத்தமாக் கேக்குது" என்றேன். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே ஓடுவீர்கள். கடைசி ரீல் ஓடும்போது மற்ற ரீல்களைப் பெட்டியில் அடுக்கி, பார்சல் ஆபீசுக்குக் கொண்டுபோகவேண்டும். ஆகவே முடிவை மட்டும் ரயிலில் சொல்வேன். கிள்ளை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது ஆரம்பித்தால் பரங்கிப்பேட்டையில் முடித்துவிடுவேன். அந்த மாதம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. கான்வென்டை விட்ட பிறகு, நான் நினைப்பதை ஒருவர் வாய் திறந்து கேட்டது அப்போதுதான்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் பக்கத்து வீட்டு ஜைனப் அக்கா மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"என்னாம்மா, காசு குடுத்துப் படம் பாக்கப் போயி நல்லாத் தூங்குறியாமே!"

"யாரு சொன்னது?"

"ஒன் வூட்டுக்காரருதான் எழுதிருக்காரு. எங்க மச்சான் சத்தமாப் படிச்சாரு, நாங்க வுழுந்து வுழுந்து சிரிச்சோம். நீ கொறட்ட வேற வுடுவியாமே, ஜாஸ்தியா?"

சென்னை வார இதழ் ஒன்று. உங்கள் பெயர், கோட்டுப் போட்ட உங்கள் படம். கிழவியின் ரொட்டி இருந்தது. கடிகாரம் இருந்தது. சொல் மாறாமல் இருந்தன. நடுவில் ஒரு வரி: 'என் பக்கத்து நாற்காலியில் என் மனைவி முதல் ரீலிலேயே உறங்கிப்போனாள், அவளுடைய குறட்டைதான் எனக்குப் பின்னணி இசை.'

எங்கள் பள்ளியில் பெயர் எழுதாத தாளை சிஸ்டர் திருத்தமாட்டார், கிழித்துவிடுவார். வேறொருவர் எழுதியதில் தன் பெயரைப் போட்டவளை என்ன செய்வார் என்று தெரியாது. எங்களில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது இதழை உங்கள் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"தமாசுக்கு எழுதுனது. படிக்கிறவனுக்கு ஒரு சிரிப்பு வேணாமா?"

"நான் தூங்கினேனா?"

"பொம்பள சொல்லி எழுதுனேன்னா எவன் படிப்பான்? ரசம் ஊத்து."

ஊற்றினேன்.

அடுத்த வாரம் வந்தது விழாவின் கடைசிப் படம். போரிலிருந்து பல வருடம் கழித்துத் திரும்பி வரும் ஒரு கணவனும், அவன் இல்லாமலேயே வாழப் பழகிவிட்ட மனைவியும். ரீலுக்கு ரீல் நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். பாலம் வந்தது. "கடைசில என்னா ஆச்சு?" என்றீர்கள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே பொய் சொன்னேன். "அவன் தூங்கும்போது வெளியில் பூட்டிவிட்டுப் போய்ச் சாவியைக் கடலில் எறிந்துவிட்டாள்" என்றேன். திரையில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

அது அச்சில் வந்தது. 'அந்தச் சாவி தண்ணீரில் விழுந்த ஓசை இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். நான் ஓசையே சொல்லவில்லை. அதை மட்டும் நீங்களாகக் கேட்டிருக்கிறீர்கள்.

நிறைவுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் எழுந்தார். "நான் இதே படத்தை மெட்ராஸ்ல பாத்தேன் சார். சாவின்னு ஒண்ணு வரவேயில்லையே?" என்றார். நூறு பேர் இருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். 'நான் பார்க்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு போதும், என் பொய்யை அங்கேயே ஒப்புக்கொண்டிருப்பேன். சத்தியமாக, எழுந்து நிற்கத் தயாராக இருந்தேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "கடைசி ரீலு மட்டும் எங்க வீட்டுல சொன்னத வச்சு எழுதினேன் சார். அவுங்க எந்தக் கனவுல கண்டாங்களோ!"

மண்டபமே சிரித்தது. அந்த ஒரு மாதத்தில் நான் கண்டவை எல்லாம் உங்கள் பெயரில் இருந்தன. சாவி ஒன்றுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் படத்தைப் பற்றியும் என்னைக் கேட்கவில்லை, எழுதுவதையும் நிறுத்திவிட்டீர்கள். நல்ல கணவர் என்றுதான் ஊரில் சொன்னார்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்தீர்கள், என் மூட்டு வலிக்கு மருந்து தேடி அலைந்தீர்கள். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில், பேச்சுக் குழறத் தொடங்கிய பிறகு, ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்களே:

"அந்தப் படத்துல... கடைசில என்னாதான் ஆச்சு?"

நாற்பது வருடத்துக்கு மேல் நீங்களும் அதைச் சுமந்திருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியாமல்தான் அப்படிக் கேட்டீர்களோ என்று இப்போது நினைக்கிறேன். அப்போது தோன்றவில்லை.

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் தூங்கிட்டேனே" என்றேன்.

நீங்கள் கையை விட்டுவிட்டீர்கள். நான்காம் நாள் எல்லாம் முடிந்தது.

அந்தக் கடைசி ரீல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். அவள் மேசையில் இரண்டு தட்டு வைக்கிறாள். அவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவள் உட்காரவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கேமரா அவள் முகத்தை விட்டு நகரவில்லை. வசனம் கிடையாது, கரண்டிச் சத்தம் மட்டும்தான். அவ்வளவு நேரமும் அவள் ஒருமுறைகூட இமைக்கவில்லை.

நானும் இமைக்கவில்லை.